வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கப் படமும் தொடரும் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தாத்தா பாட்டி முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை ஒரே கூடத்தில் உட்கார்ந்து பார்க்கும் வீடுகளை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. தனியாகப் பார்ப்பவருக்கு இதில் பாதி தேவைப்படாது. படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். பெரும்பாலோர் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்த பிறகு ரிமோட்டை எடுத்துத் தளம் தளமாகத் துழாவுகிறார்கள். அரை மணி நேரம் அதிலேயே போய்விட, கடைசியில் யாரோ ஒருவர் சலித்துப்போய் அழுத்தியதே அன்றைய படமாகிவிடுகிறது. தேர்வு என்பது பார்க்கும் நாளுக்கு முன்பே, ஒருவரோ இருவரோ உட்கார்ந்து முடிக்க வேண்டிய வேலை.

தொடங்கும் முன் வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகம் (கைபேசிக் குறிப்பும் போதும்), வீட்டில் சந்தா உள்ள ஓடிடி தளங்களின் பட்டியல், அந்தக் கணக்குகளின் கடவுச்சொற்கள், ஒரு படத்துக்கு இருபது நிமிடம் ஒதுக்கக்கூடிய ஓய்வு. கடவுச்சொல்லை ஏன் முதலிலேயே கேட்கிறேன் என்றால், கணக்கைத் திறந்தவர் வெளியூரிலிருக்கும் அண்ணனாகவோ மாப்பிள்ளையாகவோ இருப்பார். ஏழாம் படியில் அமைப்புகளை மாற்றப் போகும்போதுதான் அது தெரியவரும்.

1. யார் யார் உட்காரப் போகிறார்கள் என்பதை எழுதுங்கள்

படத்தைத் தேடும் முன் ஆட்களைத் தேட வேண்டும். கூடத்தில் இருக்கப் போகும் ஒவ்வொருவரின் வயதையும் எழுதி, அவரவர் எதற்குப் பயப்படுவார், எதற்கு முகம் சுளிப்பார், எவ்வளவு நேரம் உட்காருவார் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு இருட்டும் திடீர் ஓசையும் ஆகாது. பதின்மூன்று வயதுப் பையனுக்குக் குழந்தைப் படம் என்றாலே அவமானம். பாட்டிக்கு வேகமான வசனம் காதில் விழாது.

வயது மட்டும் போதாது என்பதைப் புதியவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள். அண்மையில் துக்கம் நடந்த வீட்டில், மருத்துவமனைக் காட்சிகள் நிறைந்த படத்தைச் சான்றிதழில் ‘யு’ இருக்கிறது என்பதற்காகப் போட்டால், அரை மணியில் பெரியவர் ஒருவர் எழுந்து உள்ளே போய்விடுவார். தேர்வுக்கு அடிப்படை, அறையில் இருப்பவர்களில் மிக இளையவரும் மிக மென்மையானவரும். அவர்கள் இருவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை.

2. வீட்டின் எல்லைக்கோட்டை முன்கூட்டியே வரையுங்கள்

எதெதை விட்டுக்கொடுக்கலாம், எதெதைக் கூடாது என்று ஆறு தலைப்பில் ஒரு வரி வீதம் எழுதுங்கள்: பாலியல் காட்சி, வன்முறை, அச்சம், கெட்ட வார்த்தை, குடி மற்றும் புகை, கேலி. படம் ஓடும்போது இதைப் பேசினால் அது பேச்சாக இருக்காது, சண்டையாகத்தான் இருக்கும். அதனால்தான் முன்கூட்டியே எழுதச் சொல்கிறேன்.

நம் வீடுகளில் இந்த ஆறில் முதல் ஒன்றுதான் உண்மையில் கண்காணிக்கப்படுகிறது. ஒரு முத்தக் காட்சி வந்தால் நான்கு பேர் ரிமோட்டைத் தேடுகிறார்கள். அதே படத்தில் அரிவாளால் ஒருவரை வெட்டிச் சாய்க்கும் காட்சியை மெதுவோட்டத்தில் காட்டும்போது, யாரும் அசைவதில்லை. சின்னப் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

ஆறாவது தலைப்பான கேலியைத் தனியாகச் சேர்த்ததற்கும் காரணம் உண்டு. நிறத்தையும் உடற்பருமனையும் பேச்சுக் குறையையும் வைத்து எழுதப்பட்ட நகைச்சுவைத் துணுக்குகள் எந்தத் தணிக்கைக் குறியீட்டிலும் தென்படாது. ஆனால் மறுநாள் பள்ளியில் பிள்ளை திருப்பிச் சொல்லும் வசனம் அங்கிருந்துதான் வரும். வேண்டாமென்று சொல்லும் பெண்ணைக் கதாநாயகன் தெருத்தெருவாகப் பின்தொடர்ந்து சம்மதிக்கவைக்கும் காதல் கதையும் இப்படித்தான். வளரிளம் பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்பதை நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

3. தணிக்கைச் சான்றிதழைச் சரியாகப் படியுங்கள்

இந்தியாவில் திரையரங்கில் வெளியாகும் படங்களுக்கு 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தின்படி மத்திய திரைப்படச் சான்றிதழ் வாரியம் சான்றிதழ் வழங்குகிறது. ‘யு’ என்றால் எல்லோரும் பார்க்கலாம். ‘ஏ’ என்றால் 18 வயது நிரம்பியவர்கள் மட்டும். ‘எஸ்’ குறிப்பிட்ட தொழில் அல்லது பிரிவினருக்கானது, வீட்டுக்கு வரவே வராது. நடுவிலிருக்கும் ‘யு/ஏ’ என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

பழைய யு/ஏ என்பது 12 வயதுக்கு உட்பட்டோர் பெற்றோரின் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்ற ஒற்றைக் குறியீடு. 2023-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2024-இன் விதிகள் வந்த பிறகு, அது யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+ என மூன்றாகப் பிரிந்தது. ஆகவே பழைய படத்தில் வெறும் யு/ஏ என்று கண்டால் அது இன்றைய கணக்கில் 7+ ஆகவும் இருக்கலாம், 16+ ஆகவும் இருக்கலாம். சான்றிதழை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. மூன்றுமே பெற்றோருக்கான எச்சரிக்கைதான், தடை அல்ல என்பதும் நினைவில் இருக்கட்டும். முடிவெடுக்கும் பொறுப்பை வாரியம் உங்கள் கையில் கொடுத்துவிட்டது என்றுதான் அதற்குப் பொருள்.

2011 முதல் 2017 வரை வந்த தமிழ்ப் படங்களின் ‘யு’ சான்றிதழைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டில் கேளிக்கை வரிவிலக்குப் பெறத் தமிழ்ப் பெயரோடு ‘யு’ சான்றிதழும் நிபந்தனையாக இருந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து அந்தக் கணக்கை மாற்றியது. பணம் கைமாறும் இடத்தில் சான்றிதழ் இருந்ததால், சில காட்சிகளை வெட்டியும் சில சொற்களை ஒலியடக்கியும் எப்படியாவது ‘யு’ வாங்கிவிடுவது அப்போது வழக்கமாக இருந்தது. வெட்டிய பிறகும் படத்தின் சுபாவம் மாறிவிடாது. அடிதடிப் படம் அடிதடிப் படமாகவேதான் இருக்கும்.

ஓடிடி தளங்களுக்கு இந்த வாரியம் சான்றிதழ் வழங்குவதில்லை. 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, தளங்களே யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று வகைப்படுத்தி, எந்தக் காரணத்துக்காக அந்த வகை என்பதையும் ஒரு வரியில் காட்ட வேண்டும். படம் தொடங்கும்போது திரையின் மேல் மூலையில் வந்து மறையும் “வன்முறை, தகாத சொற்கள்” போன்ற அந்த வரியை யாரும் படிப்பதில்லை. எண்ணைவிட அதுதான் பயனுள்ளது, ஏனெனில் 13+ என்பது அச்சத்துக்காகக் கொடுக்கப்பட்டதா, சொற்களுக்காகக் கொடுக்கப்பட்டதா என்பதைப் பொறுத்தே உங்கள் ஆறு தலைப்பில் எது மீறப்படுகிறது என்று தெரியும்.

இதிலிருந்து வரும் ஒரு பிழை: “டிவியில் போன மாதம் பார்த்தோமே, நன்றாகத்தானே இருந்தது” என்று நம்பி அதே படத்தை ஓடிடியில் போடுவது. ‘ஏ’ சான்றிதழ் படத்தைத் தொலைக்காட்சியில் அப்படியே காட்ட முடியாது; காட்சிகளைக் குறைத்து மறுபடி சான்றிதழ் வாங்கிய வடிவம்தான் அங்கே ஓடும். ஓடிடியில் இருப்பது முழு வடிவமாக இருக்கலாம். திரையரங்கில் ஒலியடக்கப்பட்ட சொல்லும் அதில் தெளிவாகக் கேட்கலாம்.

வெளிநாட்டில் வசிப்பவர்கள் அந்தந்த நாட்டுக் குறியீட்டையும் சேர்த்துப் பாருங்கள். 2017-இல் வந்த பாகுபலியின் இரண்டாம் பாகத்துக்கு இந்தியாவில் யு/ஏ. சிங்கப்பூரிலோ அதில் உள்ள வன்முறைக்காக 16 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு அனுமதி இல்லாத என்.சி.16. இரண்டு நாடும் பார்த்தது ஒரே படத்தைத்தான். வன்முறை விஷயத்தில் உங்களுக்கு ஐயம் இருந்தால், சிங்கப்பூர் அல்லது பிரிட்டன் குறியீட்டைத் தேடிப் பார்ப்பது நல்ல இரண்டாம் கருத்தாக உதவும்.

4. சான்றிதழ் சொல்லாததைத் தேடிப் பிடியுங்கள்

திரைப்படத் தகவல்களைத் தொகுக்கும் ஐ.எம்.டி.பி. தளத்தில் பெரும்பாலான படங்களின் பக்கத்தில் பெற்றோர் வழிகாட்டி என்ற பகுதி உண்டு. பாலியல், வன்முறை, சொற்கள், குடி-புகை-போதை, அச்சமூட்டும் காட்சிகள் என ஐந்து தலைப்பில், பார்வையாளர்களே எழுதியது. சிறிய தமிழ்ப் படங்களுக்கு அது காலியாக இருப்பதும் உண்டு. காலியாக இருப்பதை “ஒன்றும் இல்லை” என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, யாரும் எழுதவில்லை என்பதுதான் பொருள். ஆங்கிலப் படங்களுக்கும் அனிமேஷன் படங்களுக்கும் காமன் சென்ஸ் மீடியா தளம் வயது வாரியாக விரிவாகச் சொல்கிறது. வளர்ப்பு நாய் சாகிறதா, குழந்தை தொலைந்துபோகிறதா என்பன போன்ற குறிப்பான கேள்விகளுக்கு ‘டஸ் தி டாக் டை’ என்ற தளம் இருக்கிறது; செல்லப்பிராணி வளர்க்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அதைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

டிரெய்லரை நம்பாதீர்கள். அது ஆளை இழுக்கச் செய்யப்பட்டது. குடும்பக் கதை என்று காட்ட வேண்டுமானால் கல்யாண வீட்டையும் கண்ணீரையும் மட்டும் காட்டும். யூடியூப் விமர்சனங்களில் “குடும்பத்தோடு பார்க்கலாம்” என்று முடிப்பார்கள்; பெரும்பாலும் அதன் பொருள் கவர்ச்சிப் பாட்டு இல்லை என்பதுதான். உங்கள் பட்டியலில் இருக்கும் மற்ற ஐந்து தலைப்புக்கும் அந்த ஒரு வரியில் பதில் கிடைக்காது.

கார்ட்டூன் என்றாலே பிள்ளைகளுக்கு என்று எண்ணுவது இன்னொரு பெரிய பிழை. ஜப்பானின் ஜிப்லி நிறுவனம் 1988 ஏப்ரலில் இரண்டு அனிமேஷன் படங்களை ஒன்றாகச் சேர்த்தே வெளியிட்டது. ஒன்று காட்டுத் தேவதை டொட்டோரோவின் கதை, நான்கு வயதுப் பிள்ளையும் பார்க்கலாம். மற்றொன்று, மின்மினிப் பூச்சிகளின் பெயரைத் தாங்கிய போர்க்காலக் கதை; அண்ணன் தங்கை இருவரும் பசியில் மடிவதைக் காட்டுவது, பெரியவர்களாலேயே தாங்க முடியாதது. போஸ்டரை வைத்துப் பிரித்தறிய முடியாத அளவுக்கு இரண்டுமே அழகாக இருக்கும். விளையாட்டுத் திடலையும் வண்ண உடைகளையும் காட்டும், ஆனால் வன்முறை நிறைந்த கொரியத் தொடரான ஸ்குவிட் கேம் பிள்ளைகளின் பார்வைக்குப் போனதும் இதே வழியில்தான்.

5. மூன்று இடங்களை முன்னோட்டம் பாருங்கள்

முதல் பதினைந்து நிமிடம் மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தமிழ்ப் படத்தின் கட்டமைப்பே அதற்கு எதிரானது: முதல் கால் மணி அறிமுகம், பாட்டு, நகைச்சுவை, கதை கனமாவது பிறகுதான். எனவே வேறு மூன்று இடங்களுக்குத் தள்ளிப் போய்ப் பாருங்கள்.

முதலாவது, இடைவேளைக்கு முந்தைய பத்து நிமிடம். இரண்டரை மணி நேரப் படத்தில் ஒரு மணி பத்தாவது நிமிடத்திலிருந்து தேடத் தொடங்கினால் கிடைத்துவிடும். திரையரங்கில் ஆளை அதிர்ச்சியோடு வெளியே அனுப்ப வேண்டும் என்பதற்காகக் கொலை, துரோகம், பெரிய சண்டை ஆகியவற்றை அங்கேதான் வைப்பார்கள்.

இரண்டாவது, உச்சக்கட்டச் சண்டை. படம் முடிவதற்கு முந்தைய அரை மணி. மூன்றாவது, கதாநாயகன் ஏன் கோபப்பட்டான் என்று விளக்கும் முன்கதை. மூன்றில் இதைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். பெண்கள் மீதும் குழந்தைகள் மீதும் நடக்கும் கொடுமையைப் பெரும்பாலும் இந்தப் பகுதியில் காட்டுவார்கள். பெரும்பாலும் அது இடைவேளைக்குப் பின் வரும். பொதுவாகப் ‘பழிவாங்கும் கதை’ என்று கேள்விப்பட்டாலே இந்தப் பகுதியைப் பார்க்காமல் பிள்ளைகள் முன் போடாதீர்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது திரையின் ஓரத்தில் வரும் மது, புகை எச்சரிக்கை வாசகங்களையும் கவனியுங்கள். அவை எவ்வளவு நேரம் நிற்கின்றன என்பதே குடிக்காட்சி எவ்வளவு நீளம் என்பதைச் சொல்லிவிடும்.

6. தொடர்களுக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்

படத்தைப் பிடிக்கவில்லை என்றால் ஒரு மாலை போனது, அவ்வளவே. தொடர் என்பது வாரக்கணக்கில் வீட்டுக்குள் உட்காரும் விருந்தாளி. அதனால் விசாரணையும் நீளமாகத்தான் இருக்க வேண்டும்.

தொலைக்காட்சியில் நாள்தோறும் வரும் சீரியல்களுக்குத் தணிக்கைச் சான்றிதழ் கிடையாது. கேபிள் விதிகளில் உள்ள நிகழ்ச்சி நெறிமுறைக்கு அவை கட்டுப்பட வேண்டும் என்பதோடு சரி. மாமியார் மருமகள் சதி, விஷம் வைத்தல், ஆள்கடத்தல், வீட்டுக்குள் ஒட்டுக்கேட்டல் எல்லாம் மாலையில் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும் நேரத்தில், பக்கத்திலேயே ஓடுகின்றன. பெரியவர்கள் பார்க்கும்போது பிள்ளை “பார்க்கவில்லை” என்று நாம் நினைக்கிறோம்; காது அங்கேதான் இருக்கும். சீரியல் வேண்டுமென்றால், அதையே பிள்ளைகள் தூங்கிய பிறகோ பள்ளியில் இருக்கும்போதோ அந்தத் தொலைக்காட்சியின் ஓடிடி தளத்தில் பார்ப்பது எளிய வழி. தாத்தா பாட்டியிடம் இதைத் தடை என்று சொல்லாமல், விளம்பரம் குறைவு, எப்போது வேண்டுமானாலும் நிறுத்திப் பார்க்கலாம் என்று சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

ஓடிடி தொடர்களில் முதல் பகுதி பெரும்பாலும் பதமாகவே இருக்கும். நடுவில் ஒன்று, கடைசிக்கு முந்தையது ஒன்று என இரண்டு பகுதிகளை எடுத்துப் பாருங்கள். கடைசிப் பகுதியைவிட அதற்கு முந்தையதில் வன்முறை மிகுவது வழக்கம். கடைசியில் முடிச்சுகளை அவிழ்க்க வேண்டியிருக்கும். புதிய சீசன் வந்தால் வயதுக் குறியீட்டை மறுபடி பாருங்கள், முதல் சீசனின் குறியீடு இரண்டாவதற்குப் பொருந்த வேண்டியதில்லை.

மொத்த நீளத்தையும் கணக்கிடுங்கள். பதினாறு பகுதி, பகுதிக்கு ஒரு மணி நேரம் என்பது கொரியத் தொடர்களில் சாதாரணம். வாரம் இரண்டு என்று வைத்தாலும் இரண்டு மாதம். தேர்வு நெருங்கும் பருவத்தில் இப்படி ஒன்றைத் தொடங்கினால் நடுவில் நிறுத்த முடியாது.

7. ஆட்களை உட்காரவைக்கும் முன் தளத்தைப் பூட்டுங்கள்

இங்கே வரிசை தவறினால் வேலை இரட்டிப்பாகும். முதலில் ஒவ்வொரு பெரியவரின் ப்ரொஃபைலுக்கும் பின் எண் (PIN) போடுங்கள். அதன் பிறகுதான் பிள்ளைகளுக்கான ப்ரொஃபைலை உருவாக்கி, வயது வரம்பைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளைகளின் ப்ரொஃபைலை மட்டும் கவனமாக அமைத்துவிட்டு, பெரியவர்களுடையதைத் திறந்து போட்டிருக்கும் வீடுகளே அதிகம். பக்கத்து ப்ரொஃபைலை ஒருமுறை தொட்டால் போதும், பிள்ளை உள்ளே போய்விடும். பூட்டு வேண்டியது பெரியவர்களின் கதவுக்குத்தான். பின் எண்ணாக வீட்டில் யாருடைய பிறந்த ஆண்டையும் வைக்காதீர்கள். பிள்ளைகள் முதலில் அடிப்பது அதைத்தான்.

13+ உம் அதற்கு மேலும் உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதியைத் தளங்கள் தர வேண்டும் என்பது மேலே சொன்ன 2021-இன் விதியிலேயே உண்டு. ஆகவே உங்கள் தளத்தில் அது இல்லை என்று விட்டுவிடாமல் அமைப்புகளில் தேடுங்கள். நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றில் குறிப்பிட்ட ஒரு படத்தை மட்டும் பெயர் சொல்லித் தடுக்கலாம். அடுத்த பகுதி தானாக ஓடுவதையும், முகப்பில் முன்னோட்டம் தானாக ஓடுவதையும் நிறுத்திவிடுங்கள்: படத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே, பெரிய ஓசையோடு பேய்ப்படத் துண்டு ஓடிப் பிள்ளையைப் பயமுறுத்துவது இதனால்தான்.

யூடியூபைத் தனியாகக் கவனியுங்கள். ஓடிடியில் நீங்கள் தடுத்த படத்தின் சண்டைக்காட்சி, அங்கே பத்து நிமிடத் துண்டாக எந்த வயதுக் குறியும் இல்லாமல் கிடைக்கலாம்.

8. பார்க்கும்போது

சப்டைட்டிலைத் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். காது மந்தமான பெரியவருக்கு அது பேருதவி. ஆனால் ஒலியில் அடக்கப்பட்ட சொல் சில சமயம் எழுத்தில் அப்படியே வரும் என்பதால், வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் ஐந்தாம் படியில் அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீண்ட படத்தை இடைவேளையில் நிறுத்தி மறுநாள் தொடருவதில் தவறே இல்லை. ஆறு வயதுப் பிள்ளையை இரண்டரை மணி நேரம் பிடித்து உட்காரவைத்தால் அது படத்தை வெறுக்கும்.

எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தாலும் எதிர்பாராத காட்சி வரும். அப்போது பதறிப்போய் வேகமாக ஓட்டாதீர்கள், “கண்ணை மூடு” என்று அதட்டாதீர்கள்; இரண்டும் அந்தக் காட்சிக்குத் தனி மவுசைக் கொடுக்கும். நிறுத்தி, தண்ணீர் குடிக்கப் போகச் சொல்லிவிட்டு, அந்தக் காட்சியைத் தாண்டித் தொடருங்கள். பிள்ளை கேட்டால், “அது பெரியவங்களுக்கானதும்மா, நீ பெரியவளானதும் பேசலாம்” என்பது போதும். பயந்த பிள்ளையிடம் “அதெல்லாம் பொய்” என்று முடித்துவிடாமல், அந்த ரத்தம் எப்படிச் செய்யப்பட்டது, அந்த நடிகர் வேறெந்தப் படத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறார் என்று காட்டுங்கள். பயம் சீக்கிரம் இறங்கும்.

9. பார்த்த பின் குறித்துவையுங்கள்

நோட்டில் படத்தின் பெயர், எந்தத் தளம், யார் ரசித்தார், யார் பாதியில் எழுந்தார், ஆறு தலைப்பில் எது மீறியது, எத்தனையாவது நிமிடத்தில் என்று எழுதுங்கள். அந்த நிமிடக் குறிப்பு, விடுமுறைக்கு வரும் சித்தி பிள்ளைகளுக்கு அதே படத்தைப் போடும்போது கைகொடுக்கும். “அடுத்து பார்க்கலாம்” என்ற பட்டியலில் எப்போதும் மூன்று படமாவது, ஐந்தாம் படியைக் கடந்தவையாக, தயாராக இருக்கட்டும். ஒன்று யாருக்காவது பிடிக்கவில்லை என்றால் துழாவாமல் அடுத்ததற்குப் போகலாம்.

தளம் காட்டிய வயதுக் குறியீடு படத்துக்குப் பொருந்தவே இல்லை என்று கண்டால், அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஒவ்வொரு தளமும் அப்படி ஒருவரை நியமித்துத் தொடர்பு விவரத்தைத் தன் தளத்தில் வெளியிட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது விதி. படத்தின் பெயர், காட்டப்பட்ட குறியீடு, காட்சி வரும் நிமிடம் மூன்றையும் குறிப்பிட்டு எழுதுங்கள். பொதுவாகப் “படம் மோசம்” என்று எழுதினால் எந்தக் காட்சியைப் பார்ப்பது என்று அவர்களுக்குத் தெரியாது.